நவம்பர் மாத லைனிங் ஜாக்கெட்டுகள்

மும்பை
12.8.2018

அன்புள்ள அண்ணிக்கு,

பிரியா எழுதுகிறேன். நான் சுகம். மழையில் இந்த ஊரே ஊறிக் கிடக்கிறது, எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அங்கே அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அண்ணனுக்கு இந்த வாரம் சுரங்கத்தில் எந்த ஷிப்ட்? பாப்பா பள்ளிக்கூட வாசலில் அழுவதை நிறுத்திவிட்டாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறது. அப்புறம் நாம் பேசுவதை மந்தாரக்குப்பமே கேட்கிறது. எனக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும், அதை நிதானமாகக் கேட்க வேண்டும்.

நான் சேர்ந்திருக்கும் ஆய்வு நிறுவனத்தின் வேலை, வியாபாரம் எப்போது சூடு பிடிக்கும், எப்போது மந்தமாகும் என்று முன்கூட்டிச் சொல்வது. உங்கள் தையல் கடையை வைத்தே சொல்கிறேன். துணி கொண்டுவந்து தைக்கக் கொடுப்பது முதலில் நடக்கும். அது முன்னால் போகிற குறியீடு. மெஷின் ஓடுவது அதோடு கூடவே போகும். ஒத்தாசைக்கு ஆள் வைப்பதும் நிறுத்துவதும் எல்லாம் முடிந்த பிறகு, பின்னால் வரும். நாட்டுக்கும் இப்படி மூன்று வகை உண்டு. கார் விற்பனை, சிமெண்ட், மின்சாரம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் எண்கள் இருக்கின்றன. சின்ன ஊர்களின் கையிருப்பைச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போதுதான் உங்கள் அளவு நோட்டு நினைவுக்கு வந்தது. யாருக்கு, என்ன துணி, லைனிங் வைத்ததா, சாதாவா, தேதி எல்லாம் எழுதுவீர்களே. மாதவாரியாக எண்ணி அனுப்ப முடியுமா? நான் இங்கே ஒரு வருட கான்டிராக்டில்தான் இருக்கிறேன். மார்ச்சில் பர்மனென்ட் ஆக்குவார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது நான் புதிதாக என்ன கொண்டுவருகிறேன் என்பதைப் பொறுத்தது.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்
26.8.2018

அன்புள்ள பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தையின் முழங்கால் படியேறும்போது மட்டும் வலிக்கிறது, டிவி பார்க்கும்போது வலிப்பதில்லை. உன் அண்ணனுக்கு நைட் ஷிப்ட். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அடிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

‘அண்ணி’, ‘நீங்கள்’ என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தின்றவர்கள் நாம். உன் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டியதும் எனக்கு வயது கூடிவிட்டதா?

முன்னால் போவது, கூடப் போவது, பின்னால் வருவது என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். சந்தோஷம். வியாபாரக் கணக்கில் எனக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு, உனக்கு நூற்று எழுபத்தொன்று என்பது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. நாம் இரண்டு பேரும்தான் சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். எங்கள் கிராமத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்று உங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் முகவரியைத்தான் நான் கொடுத்திருந்தேன். உனக்கு நேர்காணல் கடிதம் வந்தது, எனக்கு வரவில்லை. அந்தக் கல்லூரிக்காரனுக்கு என் மதிப்பெண்ணில் என்ன குறை தெரிந்தது என்று இன்றும் மெஷினில் பாபின் மாட்டும்போது யோசிப்பேன். போகட்டும்.

ஆறு வருட நோட்டையும் எண்ணிவிட்டேன். தாள் இத்துடன் இருக்கிறது. நீ கேட்காத ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், ஆல்ட்ரேஷன். கையில் காசு இருக்கிறவள் லைனிங் வைக்கச் சொல்வாள். கொஞ்சம் இறுக்கமென்றால் சாதா போதும் என்பாள். நிஜமாகவே முடியாதபோது பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பிரித்துத் தைத்துக் கொடு என்பாள். ஆல்ட்ரேஷன் ஏறி இரண்டு மூன்று மாதத்தில் மெயின் பஜார் பாத்திரக் கடைக்காரர் வியாபாரமில்லாமல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவார். இதை நான் நாலு வருடமாகப் பார்க்கிறேன்.

2016 நவம்பரை எடுத்துவிடு. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் ஒரே நாளில் எல்லாம் நின்றது. அதை எந்த ஜாக்கெட்டும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அதைச் சேர்த்தால் உன் கணக்கு கோணும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அண்ணி,
தமிழ்நிலா


மும்பை
10.9.2018

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்து மகிழ்ச்சி. பாப்பாவுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி, நீங்கள் அனுப்பிய தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் வரைந்தேன். லைனிங் விழுந்து மூன்று மாதம் கழித்து இரு சக்கர வண்டி விற்பனை விழுகிறது. லைனிங் எழுந்தால் அதுவும் எழுகிறது. மேலாளர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் யோசனையைப் பாராட்டினார். இதுவரை என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத மனிதர்.

பிப்ரவரியில் ஓர் அறிக்கை வரப்போகிறது. அதில் இது ஒரு தனி அத்தியாயம். மாதாமாதம் எண்களை அனுப்புங்கள். 2016 நவம்பரை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்
5.10.2018

அன்புள்ள பிரியாவுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். பென்சில் வந்தது. சுவரெல்லாம் கலர்.

உன் யோசனையைப் பாராட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். ‘என் யோசனை’ என்ற சொல்லை நாலு தடவை படித்தேன். ஆல்ட்ரேஷன் யாருடைய யோசனை? 2016 யாருடைய யோசனை? நான் கேட்கவில்லை, சும்மா எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து அத்தை தரையில் நிற்கவில்லை. கடையில் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், “எம் பொண்ணு பம்பாய்ல நாடு எப்டி போவும்னு முன்னாடியே சொல்லிக்கினு இருக்குதுங்க. பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் அது சொல்றத எழுதிக்கினு போறாங்க” என்கிறார். அடுத்த மூச்சில் என்னைப் பார்த்து, “நிலா, அந்த அம்மாவுக்கு ஊக்கு தச்சிட்டியா?” நான் ஊக்கு தைத்தேன்.

எனக்கு வயிற்றெரிச்சல், பிரியா. ஒளிப்பதில் என்ன இருக்கிறது? நீ அங்கே ஏ.சி. அறையில் படம் வரைகிறாய். அந்தப் படத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் நான் கழுத்து வலிக்கக் குனிந்து தைத்தது. போன வாரம் சடையப்பன் மாமா வந்தவர், “நீயும் அதுங்கூடத்தான படிச்ச?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர்: லைனிங் 41, சாதா 30, ஆல்ட்ரேஷன் 24. ஆகஸ்டில் ஆல்ட்ரேஷன் 19.

இப்படிக்கு அண்ணி,
தமிழ்நிலா


மும்பை
2.12.2018

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்கு வர முடியாததற்கு அம்மா இன்னும் கோபமாக இருக்கிறதா?

உங்கள் கோபம் நியாயமானது. எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் போய்விட்டது.

நீங்கள் போனில் அனுப்பிய நவம்பர் எண்களைப் பார்த்தேன். அக்டோபரில் லைனிங் 112, அது தீபாவளி. ஆனால் தீபாவளி முடிந்த நவம்பரிலும் 73 இருக்கிறது. போன வருடம் இதே மாதம் 36தான். இரண்டு மடங்கு! இங்கே எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. சின்ன ஊர்கள் நிமிர்கின்றன, அடுத்த வருடம் விற்பனை ஏறும் என்று எழுதலாம் என்கிறார் மேலாளர்.

எனக்கு ஒரு சந்தேகம். ஆல்ட்ரேஷனும் 44 ஆகியிருக்கிறது. காசு இருந்தால் லைனிங் ஏறும், இல்லாவிட்டால் ஆல்ட்ரேஷன் ஏறும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறலாமா? இந்த லைனிங் ஜாக்கெட்டுகளை யார் தைக்கக் கொடுக்கிறார்கள்? உங்களுக்கு ஏதாவது காரணம் தெரிந்தால் இருபதாம் தேதிக்குள் எழுதுங்கள். இதை நம்பித்தான் எழுதப்போகிறேன். என் மார்ச் மாதமே இதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்
9.12.2018

(எழுதி, மடித்து, அளவு நோட்டுக்குள் வைத்தது. தபாலில் சேர்க்கவில்லை.)

பிரியா,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். இதை நான் மட்டும்தான் கேட்பேன் என்று நினைத்தேன், நீ கேட்டுவிட்டாய். அதுவும் எரிகிறது.

காரணம் எனக்குத் தெரியும். அவ்வளவும் ரிட்டயர்மென்ட். நீ இங்கே இருந்தவரைக்கும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்த்திருப்பாய். இப்போது மாதம் தவறாமல் வரிசையாகப் போகிறார்கள். அந்தக் காலத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக அறுபதைத் தொடுகிறார்கள். கடைசித் தேதியன்று மாலை போட்டு, வெடி வெடித்து, வீடு வரை கூட்டி வருவார்கள். வீட்டம்மாவுக்கும் மாலை உண்டு. அவர், மகள்கள், மருமகள்கள், சம்பந்தி வீடு, அக்கா தங்கை என்று ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து ஜாக்கெட். அன்றைக்கு லைனிங் இல்லாமல் யாரும் போடமாட்டார்கள். சோமசுந்தரம் சார் நவம்பர் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றார். அவர் மனைவி கமலா அக்கா மட்டும் பதினெட்டு கொடுத்தார்.

நவம்பரில் அப்படி நாலு வீடு. அந்த 73இல் 56 அவர்களுடையது. கழித்துப் பார். பதினேழு! போன வருடம் இப்படி ஒரே ஒரு சின்னக் குடும்பம்தான், நாலு ஜாக்கெட், கழித்தாலும் முப்பத்திரண்டு. பாதியாக விழுந்திருக்கிறது. ஆல்ட்ரேஷன் சொல்வதுதான் நிஜம். ஊர் நிமிரவில்லை, குனிகிறது. இந்த நாலு வீட்டுக்காரர்களும் ஆறு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விடுவார்கள். கமலா அக்கா அளவு கொடுக்கும்போதே அழுதார். என் வாடிக்கை போகிறது. நீ அதைப் படம் வரைந்து, காசு கொழிக்கிறது என்கிறாய்.

உன் ஆபீசில் இத்தனை பேர் படித்தவர்கள் இருந்தும் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். உனக்குக் கொடுத்தால் நாளைக்குக் கூட்டத்தில் இதுவும் உன் யோசனை ஆகிவிடும். நீ பர்மனென்ட். அத்தை என் ஸ்டூலில். நான் ஊக்கு தைத்துக்கொண்டு.

இதை எழுதிவிட்டேன். போடுவேனா என்று தெரியவில்லை.


மந்தாரக்குப்பம்
17.12.2018

அன்புள்ள பிரியாவுக்கு,

எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கு ஒரு சால்வை வாங்கினோம்.

நீ கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஜனங்கள் கையில் காசு புழங்குகிறது, தைக்கிறார்கள். ஆல்ட்ரேஷன் ஏறியது எல்லோருக்கும் உடம்பு போட்டதால். நன்றாகச் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. இறுக்குகிறது என்று பிரிக்கக் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

வேறு விசேஷமில்லை.

அண்ணி,
தமிழ்நிலா


மும்பை
18.2.2019

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வாரம் அறிக்கை வெளியாகிவிட்டது. ‘உடம்பு போட்டது’ என்ற உங்கள் காரணத்தைக் கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். சின்ன ஊர்கள் நிமிர்கின்றன என்றுதான் நம் அத்தியாயத்துக்குத் தலைப்பு. முதல் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே பாருங்கள். என் பெயருக்கு மேலே இருப்பதைப் பாருங்கள்.

‘தரவும் முறையும்: தமிழ்நிலா, நெய்வேலி.’

இதற்கு மேலாளரோடு மூன்று வாரம் சண்டை போட்டேன். தையல்காரர் பெயரை எப்படிப் போடுவது என்றார். முறையைக் கண்டுபிடித்தது அவர்தான், பெயர் போடாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அக்டோபரில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. அதற்கு என்னால் முடிந்த பதில் இது.

அடுத்த மாதம் என் முடிவு தெரியும்.

அன்புடன்,
இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்
27.2.2019
(விரைவுத் தபால்)

பிரியா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. நேராக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாளை உன் அண்ணன் ஷிப்டுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். அப்புறம் லேமினேட் செய்து என் மெஷினுக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டிவிட்டார். “எங்கூட்டுக்காரி பேரு இங்கிலீஷ்ல வந்துருக்குதுப்பா” என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. அத்தை அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ரெண்டு பேரும் சேந்து சாதிச்சிட்டீங்கடி” என்றார். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னையும் சேர்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

தலை நிமிர்ந்தால் அந்தத் தாள். ஊசியில் நூல் கோக்கப் போனால் அந்தத் தாள். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது பொய். நான் சொன்ன பொய்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி உனக்கு எழுதி, போடாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. நீ சரியான கேள்வி கேட்டாய். எனக்குச் சரியான பதில் தெரியும். நீ விழ வேண்டும் என்று நினைத்து மறைத்தேன். உன்னைப் பர்மனென்ட் ஆக்காமல் திருப்பி அனுப்பினால், நீயும் இங்கே வந்து என்னோடு ஊக்கு தைப்பாய் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயரைப் போட நீ சண்டை போடுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. நீ அப்படிச் செய்திருக்க வேண்டாம். அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

இப்போதாவது திருத்த முடியுமென்றால் திருத்து. பழியை என் மேல் போடு.

தமிழ்நிலா


மும்பை
21.7.2019

அண்ணிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஐந்து மாதம் பதில் எழுதவில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் பின்னால் மெஷின் ஓட்டும் சத்தம் கேட்கும். போனை உங்களிடம் கொடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பழியை உங்கள் மேல் போடவில்லை. யார் தைக்கக் கொடுக்கிறார்கள் என்று நேரில் வந்து பார்க்காதது என் தப்பு, அதைத்தான் சொன்னேன். அந்த அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். மார்ச் கடைசியில் என்னையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பேப்பர் பார்க்கிறீர்களா? கார், வண்டி, பிஸ்கட் எல்லாம் விற்பனை விழுந்து கிடக்கிறது. நீங்கள் டிசம்பரில் கழித்துப் போட்ட அந்தப் பதினேழு இதை அப்போதே சொல்லியிருக்கிறது. என் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாததை உங்கள் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தீர்கள்.

உங்கள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இத்துடன் ஓர் உறை இருக்கிறது. உங்கள் பெயருக்கு, எங்கள் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு, 2005 ஜூன் மாதம் வந்தது. பிரிக்கவில்லை. பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், என்னுடையதும் அன்றைக்குத்தான் வந்தது. அந்தக் கல்லூரியில் நம் மாவட்டத்துக்கு இலவச விடுதியோடு ஒரே ஓர் இடம். நாம் இரண்டு பேரும் நேர்காணலுக்குப் போனால் அது யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தபால்காரர் கொடுத்ததும் ரேஷன் கார்டு இருந்த பெட்டிக்கு அடியில் வைத்தேன். நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பத்தாவது நாள் நினைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் மாலையோடு எங்கள் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது அந்த உறை பரணில் இருந்தது. அப்புறம் சென்னைக்கும் மும்பைக்கும் கூடவே வந்தது. கிழித்துப் போட முடியவில்லை.

‘அண்ணி’, ‘நீங்கள்’ என்று ஏன் கூப்பிடுகிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் வயதால் இல்லை, அம்மா சொல்லியும் இல்லை. நிலா என்று கூப்பிட என்னால் முடியவில்லை.

இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்
2.8.2019

பிரியாவுக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டது. கான்டிராக்ட் ஆள் என்று உன் அண்ணனுக்குப் போன மாதம் பன்னிரண்டு நாள்தான் வேலை கொடுத்தார்கள். பாப்பாவுக்கு முன்பல் விழுந்தது. நான் இருக்கிறேன்.

உறையைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். நூல் வெட்டும் கத்தரியால் ஓரத்தைக் கத்தரித்தேன். ‘செல்வி தமிழ்நிலா’ என்று இருந்தது. ஜூன் 27, காலை பத்து மணி, மூலச் சான்றிதழ்களுடன் வரவும். மூன்றே வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாரியம்மாள் அக்கா வந்து, “தங்கச்சி, இந்த நாலு ஜாக்கெட்டையும் பிரிச்சி வுட்றியா? புதுசு எடுக்க வழியில்ல” என்றது. நாலையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பதினாலு வருடமாக உன்னைப் பார்த்து எரிந்தேனே, அது அல்பத்தனம் என்று என்னை நானே எத்தனை திட்டியிருக்கிறேன் தெரியுமா? கணக்கில் மார்க் வாங்கினால் போதுமா, நேர்காணலுக்குக் கூப்பிடக்கூட லாயக்கில்லாதவள் என்று என்னையே நம்ப வைத்திருந்தேன். என் மேல் எனக்கிருந்த நம்பிக்கையைத்தான் நீ எடுத்தாய். சீட்டை எடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை.

நான் செய்ததற்கும் நீ செய்ததற்கும் சரியாகப் போயிற்று என்று எழுதமாட்டேன். நான் இரண்டு மாதம் பத்து நாளில் சொன்னேன். நீ பதினாலு வருடம் எடுத்துக்கொண்டாய்.

எதிரே மாட்டியிருந்த தாளைக் கழற்றிவிட்டேன். உன் அண்ணன் கேட்டார், கண்ணைக் கூசுகிறது என்றேன். உன் வேலை போனதையும் இந்த உறையையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் நீயே சொல். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஜூலை: லைனிங் 5, சாதா 12, ஆல்ட்ரேஷன் 61. லைனிங் ஐந்தில் மூன்று ஒரு நிச்சயதார்த்தம், அதைக் கழித்துவிடு. ஆல்ட்ரேஷனில் ஒருவருக்கும் உடம்பு போடவில்லை. அக்காவின் பழையதைத் தங்கைக்குச் சின்னதாக்கக் கொடுக்கிறார்கள். வியாபாரம் இன்னும் ஆறு மாதத்துக்கு எழாது என்று நான் சொல்கிறேன். உனக்கு வேண்டுமானால் எங்காவது எழுதிக்கொள், என் பெயரோடு. எண்களை மாதாமாதம் அனுப்புவேன், இனிக் காரணத்தோடு.

இன்னொன்று. அடுத்த கடிதத்திலிருந்து ‘அண்ணி’ வேண்டாம், ‘நீங்கள்’ வேண்டாம். நிலா என்று எழுது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் உனக்கு உறுத்தட்டும்.

நிலா